வாசலிலேயே திரும்பும் ஆய்வுக் கட்டுரைகள்

1968 செப்டம்பர். அமெரிக்காவில் அதிபர் தேர்தல் பிரச்சாரம் சூடுபிடித்திருந்த நேரம். வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் என்ற பல்கலைக்கழக ஊர். யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாட்டில் இப்போது எது பெரிய பிரச்சினை என்று அவர்கள் நினைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இன்னொரு பக்கம், அந்த ஊர்க்காரர்கள் படிக்கும் செய்தித்தாள்கள், 'டைம்', 'நியூஸ்வீக்' வார இதழ்கள், இரண்டு தொலைக்காட்சிகளின் மாலைச் செய்திகள் எல்லாவற்றையும் சேகரித்து, எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று 15 வகைகளாகப் பிரித்து எண்ணினார்கள். கடைசியில் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஊடகங்கள் பெரிதாகக் காட்டிய வரிசையும் வாக்காளர்கள் பெரிதாக நினைத்த வரிசையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. முழுப் பொருத்தம் என்றால் 1. இங்கே கிடைத்த ஒட்டுறவு எண் 0.967.

மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்டு ஷா என்ற இரண்டு இளம் பேராசிரியர்கள் செய்த ஆய்வு அது. ஒரு மாநாட்டுக்கு அனுப்பியபோது அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. பிறகு 1972-ல் 'பப்ளிக் ஒப்பீனியன் குவார்ட்டர்லி' என்ற ஆய்விதழில், 176-ம் பக்கம் முதல் 187-ம் பக்கம் வரை அச்சானது. மொத்தமே 12 பக்கம். இன்று உலகில் எந்த ஊரில் இதழியல் படிக்கும் மாணவரும் 'அஜெண்டா செட்டிங்' என்ற பெயரில் அந்த 12 பக்கங்களைக் கடந்துதான் வருகிறார்.

அந்தக் கட்டுரையைப் புரட்டினால் ஒன்று பளிச்சென்று தெரியும். யாரிடம் கேட்டார்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கேட்டார்கள், எந்தெந்தச் செய்தித்தாள்களை எடுத்தார்கள், எதை எப்படி எண்ணினார்கள் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. சேப்பல் ஹில்லைப் பார்த்தே இராத ஒருவர் தன் ஊரில் அதே ஆய்வைத் திரும்பச் செய்யலாம். நூற்றுக்கணக்கானவர்கள் செய்தும் பார்த்துவிட்டார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையை ஆய்விதழுக்குத் தயார்செய்வதில் உள்ள அத்தனை விதிகளுக்கும் அடிப்படை இதுதான்: முன்பின் தெரியாத ஒருவர் எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்காமலேயே எல்லாவற்றையும் சரிபார்க்க முடிய வேண்டும்.

"பேப்பர் போட்டாச்சா?"

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக வளாகங்களில் முனைவர் பட்ட மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. ஒரு காலத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை ஒன்றாவது வெளியாகியிருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. 2022-ல் வந்த புதிய விதிமுறைகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. ஆனாலும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகள் கணக்கில் வருவதால், அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை.

அவசரத்தில் என்ன நடக்கிறது? 300 பக்க ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே வெட்டியெடுத்து, மேலே ஒரு தலைப்பைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஆய்வேடு என்பது மாணவர் தன் தேர்வாளர்களிடம் தனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டும் இடம். ஊடகம் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து அங்கே 40 பக்கம் எழுதலாம். ஆய்விதழைப் படிப்பவருக்கு ஊடகம் என்றால் என்னவென்று தெரியும். அவருக்கு வேண்டியது ஒரு கேள்வி, அதற்கு விடை தேடிய வழி, கிடைத்த விடை, அந்த விடையால் என்ன மாறுகிறது என்பவை மட்டும். பெரும்பாலான ஊடக ஆய்விதழ்கள் 6,000 முதல் 8,000 சொற்களுக்குள் இதைச் சொல்லி முடிக்கச் சொல்கின்றன.

முதல் சல்லடை

இதழுக்கு வரும் கட்டுரை நேராக மதிப்பீட்டாளரிடம் போவதில்லை. இதழாசிரியர் முதலில் ஒரு பார்வை பார்க்கிறார். அவரும் பெரும்பாலும் எங்கோ வகுப்பெடுக்கும் பேராசிரியர்தான். மதிப்பீட்டாளர்களோ ஊதியம் வாங்காமல் தங்கள் மாலை நேரத்தைக் கொடுப்பவர்கள். அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதால், பொருந்தாத கட்டுரைகளை ஆசிரியரே வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார். கட்டுரையின் கருத்து நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லாமல் போகிறது.

திரும்பி வருவதற்கான காரணங்களில் முதலாவது, இதழ் மாறிப் போவது. ஊடக ஆய்விதழ்கள் எல்லாம் ஒரே குணம் கொண்டவை அல்ல. 1924-ல் தொடங்கிய, இன்று 'ஜர்னலிசம் அண்ட் மாஸ் கம்யூனிகேஷன் குவார்ட்டர்லி' என்ற பெயரில் வரும் இதழில் கருத்துக்கணிப்பு, உள்ளடக்கப் பகுப்பாய்வு போன்ற எண் சார்ந்த ஆய்வுகளுக்கு நீண்ட மரபு உண்டு. 1979-ல் பிரிட்டனில் பிறந்த 'மீடியா, கல்ச்சர் அண்ட் சொசைட்டி', ஊடகத்துக்குப் பின்னால் இருக்கும் அதிகாரத்தையும் பண்பாட்டையும் கேள்வி கேட்கும் இதழ். 'ஏஷியன் ஜர்னல் ஆஃப் கம்யூனிகேஷன்' ஆசியச் சூழலை முன்வைக்கும் கட்டுரைகளுக்கானது. அகமதாபாத்தின் மைக்கா நிறுவனத்திலிருந்து 'ஜர்னல் ஆஃப் கிரியேட்டிவ் கம்யூனிகேஷன்ஸ்' வருகிறது. எதற்கு அனுப்புவதென்று முடிவு செய்யும் முன் அந்த இதழின் கடைசி இரண்டு வருடக் கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் படித்துவிட்டாலே, தன் கட்டுரை அங்கே சேருமா சேராதா என்பது பிடிபட்டுவிடும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது மட்டும் கூடவே கூடாது. தெரியவந்தால் இரண்டு கதவும் மூடிவிடும்.

அடுத்தது தலைப்பு. 'சமூக ஊடகங்களின் தாக்கம்: ஓர் ஆய்வு' என்ற தலைப்பிலிருந்து எந்த ஊடகம், யார்மேல் தாக்கம், எந்த ஆண்டு என்று எதுவும் தெரியாது. 'சட்டமன்றத் தேர்தல் மாதத்தில் மூன்று தமிழ் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் பெண் வேட்பாளர்கள்' என்று போட்டால், தேடுபவர் கையில் கட்டுரை தானாக வந்து சேரும்.

தலைப்புக்குக் கீழே வரும் ஆய்வுச்சுருக்கத்துக்குப் பல இதழ்கள் 150 முதல் 250 சொற்கள் வரை இடம் தருகின்றன. அந்தக் குறுகிய இடத்தில் "இக்கட்டுரை ஊடகத்தின் முக்கியத்துவத்தை ஆராய முற்படுகிறது" என்று எழுதுவது இடத்தை வீணடிப்பது. கேள்வி ஒரு வரி, முறை இரண்டு வரி, கண்டது மூன்று வரி, அதன் பொருள் ஒரு வரி. கண்டுபிடிப்பைக் கடைசிப் பக்கத்துக்காக மறைத்துவைக்க இது துப்பறியும் கதை அல்ல. பெரும்பாலானவர்கள் சுருக்கத்தை மட்டுமே படிக்கிறார்கள். கீழே வரும் ஐந்தாறு திறவுச்சொற்களில் தலைப்பில் இல்லாத சொற்களைச் சேர்த்தால் தேடலில் இன்னும் நன்றாக அகப்படும்.

86-க்குள் ஒளிந்திருக்கும் 82

ஊடக ஆய்வுக் கட்டுரையில் மதிப்பீட்டாளர் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காரும் இடம் 'ஆய்வுமுறை' என்ற பகுதி. 'மூன்று தமிழ் நாளிதழ்கள் ஆராயப்பட்டன' என்று எழுதினால் போதாது. எந்தப் பதிப்பு? 'தினத்தந்தி' மாதிரியான நாளிதழுக்குப் பல ஊர்ப் பதிப்புகள் உண்டு. சென்னைப் பதிப்பின் முதல் பக்கமும் மதுரைப் பதிப்பின் முதல் பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அச்சுத்தாளா, மின்தாளா, இணையதளமா? எல்லா நாளுமா, வாரத்துக்கு ஒரு நாளா? இணைப்பிதழ் உண்டா? இவை எல்லாவற்றுக்கும் அங்கேயே விடை இருக்க வேண்டும்.

அடுத்து வருவது எண்ணியவர்களின் ஒற்றுமை. ஒரு செய்தி சாதகமானதா பாதகமானதா என்பது ஒருவர் கண்ணுக்குத் தெரிவதைப் பொறுத்தது. ஆகவே இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்ட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

ஓர் உதாரணம். 100 செய்திகள். இருவரும் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். இருவரும் 90 செய்திகளைப் 'பாதகம்' என்றும் 10 செய்திகளைச் 'சாதகம்' என்றும் குறித்திருக்கிறார்கள். ஒப்பிட்டால் 86 செய்திகளில் ஒரே முடிவு. 86 சதவீதம் என்றால் நல்ல மதிப்பெண்ணாகத் தோன்றும். ஆனால் செய்தியைப் படிக்காமலே, பத்துக்கு ஒன்பது 'பாதகம்' என்று இருவரும் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் சராசரியாக 82 செய்திகளில் ஒத்துப்போயிருப்பார்கள். இருவரும் 'பாதகம்' சொல்ல 81, இருவரும் 'சாதகம்' சொல்ல 1. உண்மையில் உழைத்துப் பெற்ற ஒற்றுமை அந்த 82-க்கு மேலே உள்ள நான்குதான். 82-க்கு மேலே எட்ட வாய்ப்பிருந்ததோ மொத்தம் 18. நான்கைப் பதினெட்டால் வகுத்தால் 0.22. பளபளத்த 86 சதவீதத்தின் நிஜ மதிப்பு அவ்வளவுதான்.

இந்த மாதிரி தற்செயலைக் கழித்துக் கணக்கிடும் அளவுகளில் ஊடக ஆய்வாளர்கள் அதிகம் நம்புவது, உள்ளடக்கப் பகுப்பாய்வு பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய கிளாஸ் கிரிப்பன்டார்ஃபின் பெயரால் வழங்கும் 'ஆல்ஃபா'. அது 0.80-ஐத் தொட வேண்டும், 0.667-க்குக் கீழே போனால் முடிவுகளை நம்ப வேண்டாம் என்பது அவர் வகுத்த வரம்பு. இப்படி ஓர் எண்ணாவது இல்லாத உள்ளடக்கப் பகுப்பாய்வுக் கட்டுரையை நல்ல இதழ்கள் பொதுவாக ஏற்பதில்லை. எண் குறைவாக வந்தால் அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. வகைகளைத் தெளிவாகத் திருத்தி, குறிப்பவர்களுக்கு மீண்டும் பயிற்சி கொடுத்து, இன்னொரு தடவை எண்ணிப் பார்க்கலாம்.

பெயரை மறைப்பது ஒரு கலை

மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது, எழுதியவருக்கும் மதிப்பீட்டாளர் யாரென்று தெரியாது. ஊடக ஆய்விதழ்கள் பலவற்றின் நடைமுறை இதுதான். சிறு கல்லூரியில் வேலை செய்பவர் எழுதியதையும் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதியதையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு.

இதற்காகப் பெயர், கல்லூரி, மின்னஞ்சல், நன்றியுரை, நிதி கொடுத்தவர் விவரம் எல்லாவற்றையும் தனித் தலைப்புப் பக்கமாக ஒரு கோப்பில் வைப்பார்கள். கட்டுரை இன்னொரு கோப்பில் இருக்கும். இது பலருக்கும் தெரியும். தெரியாமல் போவது மூன்று இடங்கள். ஒன்று, "முன்பு நான் எழுதிய கட்டுரையில் காட்டியபடி" என்ற ஒரு வரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு, ஓரத்தில் கைடு எழுதிய குறிப்புகளும் திருத்தங்களும் அவர் பெயரோடு கோப்பில் அப்படியே தங்கியிருக்கும். மூன்று, வேர்டு கோப்பின் உள்ளே 'ஆசிரியர்' என்ற இடத்தில் கணினி உரிமையாளரின் பெயர் தானாகப் பதிவாகியிருக்கும். வேர்டிலேயே கோப்பைப் பரிசோதித்து இந்தத் தகவல்களை நீக்கும் வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை.

ஏழு பக்கம் வளர்ந்து நானூறான கதை

பக்கத்தின் நான்கு புறமும் ஓர் அங்குல இடைவெளி, வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, 12 புள்ளி 'டைம்ஸ் நியூ ரோமன்' எழுத்து என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடை. இது 1929-ல் ஓர் உளவியல் இதழில் ஏழு பக்கக் கட்டுரையாகப் பிறந்தது. பலரும் பல விதமாக எழுதி அனுப்பியதால் படிப்பவர்கள் திணறினார்கள். அதைத் தீர்க்க வந்த வழிகாட்டி இன்று ஏழாம் பதிப்பில் 400 பக்கங்களைத் தாண்டிவிட்டது. 2019-ல் வந்த இந்தப் பதிப்பு 11 புள்ளி கலிப்ரி, ஏரியல் எழுத்துகளையும் அனுமதிக்கிறது. மூன்று அல்லது அதற்கு மேல் ஆசிரியர்கள் இருந்தால், கட்டுரைக்குள் குறிப்பிடும்போது முதல் முறையிலிருந்தே முதல் பெயரோடு 'மற்றும் பிறர்' என்று சுருக்கலாம். பதிப்பகத்தின் ஊர்ப் பெயர் வேண்டியதில்லை. ஏபிஏ இல்லாமல் ஹார்வர்டு, சிக்காகோ முறைகளைக் கேட்கும் இதழ்களும் உண்டு. ஆகவே அந்தந்த இதழின் வழிகாட்டிக் குறிப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டே உட்கார வேண்டும்.

மெக்கோம்ப்ஸ், ஷா கட்டுரையை ஏபிஏ முறையில் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். குடும்பப் பெயர், பின்னால் முதலெழுத்துகள், அடைப்புக்குறிக்குள் 1972, கட்டுரைத் தலைப்பு, சாய்வெழுத்தில் இதழின் பெயரும் 36 என்ற தொகுதி எண்ணும், அடைப்புக்குள் சாயாமல் 2 என்ற இதழ் எண், பிறகு பக்கங்கள், கடைசியில் இணைய முகவரி வடிவில் டிஓஐ என்ற நிரந்தர எண். ஆங்கிலத்தில் கட்டுரைத் தலைப்பின் முதல் சொல்லுக்கும், துணைத்தலைப்பு இருந்தால் அதன் முதல் சொல்லுக்கும், பெயர்களுக்கும் மட்டும்தான் பெரிய எழுத்து. இதழின் பெயரிலோ முக்கியச் சொல் ஒவ்வொன்றுக்கும் பெரிய எழுத்து. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத மொழியிலிருந்து வருபவர்களுக்கு இந்த இடம் அடிக்கடி தவறும். 'சொட்டேரோ' போன்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் கடைசியில் ஒரு தடவை கண்ணால் பார்ப்பது நல்லது.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. உலகின் நூற்பட்டியல்கள் கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். 1983-ல் இயற்பியல் நோபல் பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் கடைசியில் தன் சொந்தப் பெயரை வைத்தார். தந்தை பெயர் முன்னால் வந்தது. எனவே பட்டியல்களில் அவர் 'சந்திரசேகர், எஸ்.' 2009-ல் வேதியியல் நோபல் பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் சொந்தப் பெயர் வெங்கட்ராமன். ராமகிருஷ்ணன் அவர் தந்தை பெயர். பட்டியல்களில் அவர் 'ராமகிருஷ்ணன், வி.' இரண்டில் எந்த வழியும் சரிதான். முதல் கட்டுரையில் ஒரு விதம், அடுத்த கட்டுரையில் இன்னொரு விதம் என்று போட்டால்தான் ஒரே ஆள் இரண்டு பேராகப் பிரிந்துபோவார். 2012-ல் தொடங்கிய 'ஆர்கிட்' அமைப்பு ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் இலவசமாக ஒரு 16 இலக்க எண்ணைத் தருகிறது. பெயர் எப்படி அச்சானாலும் கட்டுரைகள் எல்லாம் அந்த எண்ணின் கீழ் ஒன்றாகச் சேரும்.

தமிழ்ச் செய்திகளை ஆங்கிலக் கட்டுரையில் காட்டும்போதும் வழி இருக்கிறது. தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் மொழிபெயர்ப்பைக் கொடுப்பார்கள். கட்டுரை முழுவதும் ஒரே ஒலிபெயர்ப்பு முறை. நாளிதழின் பெயரை அந்த நிறுவனம் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுத வேண்டும். இடையில் தமிழ் எழுத்தே வர வேண்டுமென்றால் யூனிகோடில் மட்டும். பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்த வரி, இதழ் அலுவலகத்தின் கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் குழம்பி நிற்கும்.

எல்லைக் கோடுகள்

மானியக் குழு 2018-ல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகள், பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 சதவீதம் வரை தண்டனை இல்லை என்கின்றன. 10 முதல் 40, 40 முதல் 60, 60-க்கு மேல் என்று மூன்று படிகளாகத் தண்டனை கூடிக்கொண்டே போகும். 9 சதவீதம் என்று சான்று வாங்கிவிட்டால் எல்லாம் சரி என்று பொருளல்ல. அந்த ஒன்பதும் வேறு ஒருவரின் கண்டுபிடிப்பாக இருந்து, பெயர் சொல்லாமல் விட்டிருந்தால் அது திருட்டுதான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகப் போட முடியாது என்று பதிப்பு நெறிகளுக்கான சர்வதேச அமைப்பான 'கோப்' 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைகளுக்கும் அழகாக மேற்கோள் தயாரித்துக் கொடுப்பதால், ஒவ்வொரு மேற்கோளையும் தேடித் திறந்து பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் போலி இதழ்கள் இன்னொரு குழி. 2013-ல் ஜான் போஹானன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகளை வைத்த பொய்யான மருத்துவக் கட்டுரையின் வடிவங்களை 304 திறந்தநிலை இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. 'சயன்ஸ்' இதழில் அந்த விவரம் வெளியானது. இந்தியாவில் நம்பகமான இதழ்களுக்காக மானியக் குழு வைத்திருந்த 'கேர்' பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இப்போது இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஆய்வாளரிடமும் அவர் நிறுவனத்திடமும் இருக்கிறது. மூன்று நாளில் மதிப்பீடு முடித்து, பணம் கட்டும் இணைப்போடு வாழ்த்து அனுப்பும் இதழ் எதுவானாலும் விலகிக்கொள்வதே நல்லது.

மெய்ப்பில் உடைந்த கொம்பு

நல்ல இதழிலிருந்து பதில் வர மாதங்கள் ஆகலாம். வரும் பதில் பெரும்பாலும் 'திருத்தி அனுப்புங்கள்' என்பதாக இருக்கும். முதல் முறை அனுபவிப்பவர்கள் அதைத் தோல்வி என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அது கதவு பாதி திறந்ததன் அடையாளம். மதிப்பீட்டாளர் சொன்ன ஒவ்வொரு குறையையும் வரிசையாக எழுதி, கீழே என்ன மாற்றினோம், எந்தப் பக்கத்தில் மாற்றினோம் என்று காட்ட வேண்டும். உடன்படாத இடத்தில் காரணத்தைப் பணிவாகச் சொல்லலாம். ஆதாரம் இருந்தால் ஆசிரியர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஏற்றுக்கொண்ட பிறகும் ஒரு படி மீதி இருக்கிறது. அச்சுக்குத் தயாரான பக்கங்கள் மெய்ப்பாக வரும். இரண்டு மூன்று நாளில் பார்த்துத் திருப்ப வேண்டும். ஓரத்தில் எண்ணிட்ட கேள்விகள் இருக்கும்: இந்த மேற்கோள் பட்டியலில் இல்லை, அந்த அட்டவணையின் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை, ஆசிரியரின் குடும்பப் பெயர் எது? தமிழ்த் தலைப்பு இடம்பெற்ற பக்கத்தில் இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். தமிழ் தெரியாத அச்சுக்கோப்பாளரின் மென்பொருள் 'கொடி' என்ற சொல்லில் கொம்பைப் பிரித்து ஒரு புறமும் காலை இன்னொரு புறமும் தள்ளியிருக்கலாம். அவர் கண்ணுக்கு அது பிழையாகவே தெரியாது. எழுதியவர் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, சரியான வடிவத்தைப் படமாக இணைத்துத் திருப்பி அனுப்புகிறார். சில வாரங்கள் கழித்து டிஓஐ எண்ணோடு கட்டுரை இணையத்தில் ஏறும்போது, அந்தக் கொம்பும் காலும் தங்கள் இடத்தில் இருக்கின்றனவா என்றுதான் அவர் முதலில் தேடிப் பார்க்கிறார்.